லுங்கியை இறக்க ரோட்டில் இறங்காதே

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போலீஸ் கை காட்டியதும் கால் பிரேக்குக்குப் போகும், கை லுங்கி மடிப்புக்குப் போகும். மடித்துக் கட்டிய லுங்கியோடு காக்கிச் சட்டைக்கு முன்னால் நிற்பது மரியாதை இல்லை என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் வண்டியை விட்டு இறங்கி, இரண்டு கையாலும் மடிப்பை அவிழ்த்து, லுங்கி கணுக்கால் வரை விழுந்த பிறகுதான் வாயிலிருந்து "சார்" என்ற வார்த்தையே வரும். கைகூப்புகிற மாதிரிதான் அது. அந்த மரியாதை ஒருநாள் என்னைக் கொல்லப் பார்த்தது. பிள்ளைகளே, அதிலிருந்து நான் தெரிந்துகொண்டதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். போன வாரம் சின்னவன் லைசென்சைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு நேராக ஆட்டி, "நைனா, இனிமே குட்டியானைய நான் எட்த்துகினு போறேன். நீ வூட்ல ஒக்காந்து டிவி பாரு" என்றான். பெரியவளோ போலீஸ் ஆகி, அதே ரோட்டில் கை காட்டி வண்டியை நிறுத்துகிற வேலையில் இருக்கிறாள். ஒரு பிள்ளை நிறுத்துகிறது, இன்னொரு பிள்ளை நிற்கப் போகிறது. சொல்ல வேண்டியதை வாயால் சொன்னால் சின்னவன் போனைப் பார்த்துக்கொண்டே "சரி நைனா, சரி நைனா" என்பான். எழுதினாலாவது படிக்கிறானா பார்ப்போம்.

என் வேலை உங்களுக்குத் தெரியாததில்லை. கோவளத்தில் படகு கரைக்கு வந்ததும் உங்கள் அம்மா ஏலத்தில் மீன் எடுப்பாள். நான் ஐஸ் பெட்டியில் அடுக்கி, குட்டியானை என்று நாம் சொல்கிற சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈ.சி.ஆரில் தெற்கே திரும்பி மாமல்லபுரத்து ஓட்டல்களுக்கு. ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டச் சொட்ட, என் கால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருக்கும். மீன் வண்டி ஓட்டுகிறவனுக்கு எப்போதும் முதுகுக்குப் பின்னால் யாரோ துரத்துகிற மாதிரிதான் இருக்கும். நிறுத்தச் சொல்கிற போலீஸுக்கு அது எப்படித் தெரியும்?

அப்போது நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏற ஆரம்பித்த நேரம். திருவிடந்தை தாண்டிச் சவுக்குத் தோப்பை ஒட்டி ரோடு லேசாக வளையும் இடத்தில் பேரிகார்டைப் போட்டு ஒரு ஏட்டையா நின்றிருந்தார். ஹெட் கான்ஸ்டபிளைத்தான் நாங்கள் ஏட்டையா என்போம். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். வளைவு திரும்பியதும் திடீரென்று அவர் கை தெரிந்தது. நான் மரியாதையாக அந்த இடத்திலேயே, ரோட்டின் மேலேயே, பிரேக்கைப் போட்டேன். பின்னால் ஐஸ் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன.

வண்டியின் இடது பக்கக் கதவு அப்போது திறக்காது. தாழ்ப்பாள் போய், படகுக் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன். அதனால் எப்போதும் போல வலது பக்கம், வண்டிகள் போகிற பக்கம், இறங்கினேன். பேப்பர் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக்கொண்டேன். இரண்டு கையும் லுங்கி மடிப்பில். குனிந்து நின்றேன்.

ஏட்டையா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார். ஒரே தாவலாக வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வண்டிக்கு முன்பக்கம் இழுத்தார். இரண்டு பேரும் உருண்டு மண்ணில் விழுந்தோம். வளைவு திரும்பி வந்த பஸ் என் வண்டிக் கதவை அடித்துக்கொண்டு போய், கொஞ்சம் தள்ளி நின்றது. கதவு ரோட்டில் கிடந்தது. நான் கிடந்திருக்க வேண்டிய இடம் அது.

ஏட்டையாவுக்குக் கோபம் மொத்தமாக வந்தது.

"யோவ்! இன்னாத்துக்குய்யா அந்தப் பக்கம் எறங்குன?"

"லுங்கிய எறக்கத்தான் ஏட்டையா..."

"லுங்கிய எறக்க எறங்குனியா? நல்லா வருது வாயில! மரியாதைய உள்ள ஒக்காந்துகினே குடுய்யா! உன் லுங்கிய வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? நீ உசுரோட வூட்டுக்குப் போவணுமா வாணாமா?"

"நீங்க கை காட்டுனீங்க, நான் நிறுத்துனேன்."

"நிறுத்துன்னா நட்ட நடு ரோட்டுல நிறுத்துறதா? ஓரங்கட்டுன்னா இன்னா? ஓரம்! அப்பால கட்டு! மொதல்ல ஓரம், அப்பறம்தான் கட்டு!"

கத்திக்கொண்டே எழுந்து உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினவர், தன்னுடைய பேரிகார்டைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நானும் இந்த வளைவுல நிக்கக் கூடாதுல்ல" என்று எனக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல், தனக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பேரிகார்டு வளைவைத் தாண்டி, ரொம்ப தூரத்திலிருந்தே தெரிகிற நேர் ரோட்டுக்கு மாறியிருந்தது. எனக்கும் இடது பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்திருந்தது. அவருக்கென்று நல்ல பாறை மீனாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, அவர் வாங்க மாட்டார் என்று தெரிந்ததும் வீட்டுக்கே கொண்டுவந்தேன். நீங்கள்தான் தின்றீர்கள்.

நான் கடித்திருந்த பிளாஸ்டிக் உறையில் என் பல் பதிந்த தழும்பு அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் வண்டியில் அந்த உறைதான் இருக்கிறது.

அன்று ராத்திரி சோறு சாப்பிடும்போது உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. வீட்டு வாசலில் சின்னவன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்து வாயாலேயே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். இடுப்பில் என் துண்டு, மடித்துக் கட்டியிருக்கிறான். பெரியவள் துடைப்பத்தைப் பேரிகார்டாகப் போட்டுக்கொண்டு, "டேய், மொதல்ல ஓரம்! அப்பால கட்டு!" என்று கத்துகிறாள். அவன் நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து சுவர் ஓரம் போய், உட்கார்ந்தபடியே துண்டை இறக்கிவிடுகிறான். "போலாம், ரைட்" என்று அவள் அனுப்புகிறாள். எத்தனையோ நாள் அதே விளையாட்டு. "நான் ஒருவாட்டி போலீஸ் ஆவக் கூடாதா?" என்று சின்னவன் ஒருநாள் அழுதான். அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

உட்கார்ந்தே மரியாதை கொடுப்பது விளையாட்டில் சுலபம். ரோட்டில் அவ்வளவு சுலபமில்லை. கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஒருநாள் வேறொரு போலீஸ்காரர் நிறுத்தினார். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, மண்ணில் இறங்கி ஓரங்கட்டினேன். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன். அவர் வந்தார்.

"இன்னாடா, தொர எறங்க மாட்டாரோ?"

உள்ளே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் பார்வையிலிருந்து பார்த்தால், எல்லாரும் இறங்கி ஓடி வருகிற இடத்தில் ஒருவன் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். என்ன நினைப்பார்? "சார், எறங்கச் சொன்னா எறங்குறேன். எந்தப் பக்கமா எறங்கணும்னு சொல்லுங்க" என்றேன். அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ என் வலது பக்கக் கண்ணாடியை உரசுகிற மாதிரி பறந்தது. "எறங்காத, அப்டியே குடு" என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். கோபமாகக் கேட்டவரும் அவர்தான், ரோட்டைப் பார்த்ததும் மாறினவரும் அவர்தான். கேட்டால் சொல்லிவிடுவார்கள் பிள்ளைகளே. கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு நாள் நடந்தது இதைவிட மோசம். மீன் வண்டியில் கத்தி இருக்கும். கயிறு அறுக்க, பெரிய மீனைத் துண்டு போட. அதை என் சீட்டுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருப்பேன். திருப்போரூர் தாண்டி ஒரு இளவட்ட கான்ஸ்டபிள் நிறுத்தி, இடது ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தார். அவர் கண் கத்தியில் போய் நின்றது. போலீஸ் முன்னால் கத்தியை வைத்திருக்கிறோமே, மரியாதை இல்லையே என்று பதறினேன். "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிக்கொண்டே, அதை எடுத்து அப்பால் வைக்கலாம் என்று கத்தியில் கை வைத்தேன்.

அந்தப் பிள்ளை அலறிக்கொண்டு பின்னால் தாவினார். கால் இடறி முள்வேலியில் உட்கார்ந்தார். நான் கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டேன். அவர் எழுந்து வந்து, சட்டைக் கையில் மாட்டின முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார், "இன்னா அண்ணாத்த, இப்டிப் பேஜாரு பண்ற? கத்திய நீ தொட்டவுடனே எனுக்கு எங்கம்மா மூஞ்சிதான் தெரிஞ்சிது."

"எனுக்கு எம் பொண்டாட்டி மூஞ்சி தெரிஞ்சிது சார்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து கத்தி பின்னால் ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டது. பேப்பரை எடுப்பதற்குக் கூட, "டேஷ்போர்டுல கீது சார், எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறேன். நம் கை எங்கே போகிறது என்று தெரியாதவருக்கு, அது எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது பெரியவள் பத்தாவதோ என்னவோ படித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் முள்வேலிக்குச் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்காமல், "போலீஸுக்கும் பயமா இருக்குமா நைனா?" என்று கேட்டாள். "அவங்களும் ஒரு வூட்டுப் புள்ளதானே" என்றேன். அந்தக் கேள்வியை அவள் எங்கே கொண்டுபோகப் போகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவள் போலீஸ் பரீட்சை எழுதி, ஓட்டத்தில் தேறி, பயிற்சி முடித்து, மொடமொடப்பான காக்கியில் வீட்டு வாசலில் வந்து நின்றபோது உங்கள் அம்மா திருஷ்டி சுற்றினாள். குப்பத்தில் பாதிப் பேர் வாசலில். "இனிமே உங்க வூட்டு வண்டிய எவன் நிறுத்துவான்?" என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான். "எம் பொண்ணே நிறுத்துவா" என்று சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். அது அப்படியே நடக்கும் என்று நினைக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈ.சி.ஆரில், சனி ஞாயிறு வாகன சோதனைக்கு அவளைப் போட்டார்கள். சனி ஞாயிறு அந்த ரோடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சென்னையிலிருந்து பெரிய பெரிய பைக்கில் பையன்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவார்கள். வண்டி கண்ணில் படுவதற்குள் சத்தம் வந்துவிடும், சத்தம் வந்த பக்கம் திரும்புவதற்குள் வண்டி போய்விடும்.

உங்கள் அம்மாவுக்கு அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. அதற்குக் காரணம் ஏட்டையாவின் கை. என்னை இழுத்துக் காப்பாற்றின அதே கை. ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், நிற்காமல் போன ஒரு பைக்கின் ஹேண்டில்பாரைத் தாவிப் பிடித்தார். பைக் அவரை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டது. மணிக்கட்டு உடைந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நானும் உங்கள் அம்மாவும் போய்ப் பார்த்தோம். எலும்பு சேர்ந்த பிறகும் அந்தக் கை கோணலாகத்தான் நின்றது. "சல்யூட் வச்சா இப்ப காதுக்குத்தான் போவுது" என்று அவர் சிரித்தார். உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

"அந்தக் கைய நான் பாத்துட்டேன்யா" என்று இப்போது தினமும் சொன்னாள். "எம் பொண்ணு கையும் அப்டி ஆவணுமா? ஸ்டேஷன்ல கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்கார்ற வேல இல்லியா? ஒரு மனு எழுதிக் குடுக்கச் சொல்லு."

பெரியவள் கேட்கவில்லை. "ரோட்டுல யாராவது நிக்கணும்மா" என்றாள்.

"அந்த யாராவது நீயா இருக்கணுமா?"

இரண்டு நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டுக்குள், "அவள சாப்பிடச் சொல்லு", "எனுக்கு வாணாம்னு சொல்லு" என்று எல்லாம் என் வழியாகவே போய் வந்தது. கடைசியில் பெரியவள்தான் வழி சொன்னாள். "ஞாயித்துக்கெழம நைனா அந்தப் பக்கம்தான வருவாரு? வந்து பாக்கட்டும். அவுருக்கு ரோடு தெரியும். பயமா கீதுன்னு அவுரு சொன்னா, நானே மனு எழுதிக் குடுத்துட்டு உள்ள போயிடுறேன்."

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். "பொய் சொல்லக் கூடாது. அவ மூஞ்சிய பாத்துட்டு இளகிடாத."

இப்படியாக ஒரு பிள்ளையின் வேலை என் வாயில் வந்து நின்றது. சரி என்று சொல்லிவிட்டு நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆனால் நான் எப்படி உயிரோடு இருப்பது? வேண்டாம் என்று சொன்னால், துடைப்பத்தைப் பேரிகார்டாகப் போட்ட பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரமும் நண்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நேர் ரோட்டில், ரொம்ப தூரத்திலேயே பேரிகார்டு தெரிந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள், வருகிற வண்டி தானாகவே வேகம் குறைகிற மாதிரி. அதுவே எனக்குப் பிடித்தது. ஓரமாக ஒரு எஸ்.ஐ.யும் இன்னொரு கான்ஸ்டபிளும். அவர்களுக்கு முன்னால், மினுங்குகிற பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு என் பெண். தொப்பியில் முடியெல்லாம் அடங்கி, யாரோ மாதிரி இருந்தாள். வண்டியைப் பார்த்தாள். நம் வண்டி அவளுக்குத் தெரியாதா? முன்னால் உள்ள மாதா படமும் பக்கத்தில் முருகன் படமும் ஒட்டினதே அவள்தான். ஆனாலும் கை தூக்கினாள். என்னை நிறுத்தினாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷம் கற்றதெல்லாம் அந்தக் கையைப் பார்த்ததும் மறந்துபோனது. ஓரங்கட்டினேன், அது வரைக்கும் சரி. அதற்கப்புறம் எனக்குள் ஏதோ பொங்கிவிட்டது. என் பெண் காக்கியில் நிற்கிறாள், மடித்துக் கட்டிய லுங்கியோடு அவள் முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பது? என் இடது கை லுங்கிக்குப் போனது. வலது கை வலது பக்கக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டது.

"எறங்காதீங்க! உள்ளயே இருங்க!"

அப்படி ஒரு குரல் அவளிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கை அப்படியே நின்றது. அடுத்த நொடி என் கதவை ஒட்டி, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று பைக்குகள் பாய்ந்தன. வண்டியே ஆடியது.

அவள் வண்டிக்கு முன்னால் வரவில்லை. மண் பக்கமாகச் சுற்றி, இடது ஜன்னலுக்கு வந்தாள். முதலில் என் கை இரண்டையும் பார்த்தாள், அப்புறம் சீட்டை, அப்புறம்தான் முகத்தை.

"லைசென்ஸ், ஆர்.சி. காட்டுங்க சார்."

"சாரா? நைனாம்மா நானு."

"டூட்டில எல்லாரும் சாருதான். பேப்பர் எங்க கீது?"

"டேஷ்போர்டுல. எடுக்கட்டுங்களா மேடம்?"

சிரிப்பில் அவள் உதடு லேசாகத் துடித்தது. அடக்கிக்கொண்டாள். "எடுங்க."

பிளாஸ்டிக் உறையை நீட்டினேன். வாங்கிப் புரட்டியவள், பல் தழும்பு இருக்கிற மூலையில் கட்டைவிரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அவளுக்கு அந்தக் கதை தெரியுமே. பேப்பரெல்லாம் சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, மெதுவாக, "எப்பவும் நீதான நைனா சொல்லிகினே இருப்ப, வலது பக்கம் எறங்காதன்னு?" என்றாள்.

"உன்னப் பாத்ததும் மறந்துட்டேம்மா."

"அதான் பயமா கீது எனுக்கு. தெரிஞ்சவங்கதான் மறக்குறாங்க."

எஸ்.ஐ. தூரத்திலிருந்தே, "இன்னாம்மா, ரொம்ப நேரமா விசாரிக்கிற? கடத்தல் நண்டா?" என்று கேட்டார். "எங்க நைனா சார்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். நான் உட்கார்ந்தபடியே லுங்கியை இறக்கிவிட்டேன். அவருக்கு அது தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

உங்கள் அம்மாவுக்குப் பதில் சொல்ல அது போதாது. வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து, சவுக்கு நிழலில் நிறுத்திவிட்டு, இடது பக்கமாக இறங்கி நின்று பார்த்தேன். ஐஸ் உருகட்டும் என்று விட்டுவிட்டேன். கார் வந்தது, வேன் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் நிற்கிற இடத்தைத்தான் பார்த்தேன். வண்டிக்கு முன்னால் ஒருதரம் கூட நிற்கவில்லை. குழந்தைகள் இருந்த ஒரு காரில் குனிந்து என்னவோ சொன்னாள், உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்புறம் நான் பயந்துகொண்டிருந்தது வந்தது. கறுப்பு பைக் ஒன்று, ஹெல்மெட் இல்லாத பையன். அவள் தூரத்திலேயே கை தூக்கினாள். அவன் வேகத்தைக் குறைக்கிற மாதிரி வந்தான். பக்கத்தில் வந்ததும் முறுக்கினான். அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஹேண்டில்பார் போனது. எனக்கு ஏட்டையாவின் கோணல் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. "அம்மா" என்று கத்திவிட்டேன்.

அவள் பிடிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போனாள். அவ்வளவுதான். பைக் போய்விட்டது. அவள் தோளில் இருந்த மைக்கை எடுத்து நம்பரைச் சொன்னாள். அடுத்த செக்போஸ்ட்டில் யாரோ பதில் பேசினார்கள்.

பேரிகார்டு பக்கத்தில் இளநீர் விற்கிறவர், "இன்னா மேடம், டபாய்ச்சிட்டுப் பறந்துட்டானே! ஒரு எட்டுல புட்ச்சிருக்கலாம்" என்று சீண்டினார்.

"போவட்டும் அண்ணாத்த" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "அவன் போவான், நம்பர் எங்க போவும்? நானும் வூட்டுக்குப் போவணும், அவனும் வூட்டுக்குப் போவணும்."

அந்த இடத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் வண்டியில் ஏறிக் கிளம்பினேன். ஓட்டல்காரர், நண்டுக்கு ஐஸ் பத்தவில்லை என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இன்னா?" என்றாள்.

"ஒருத்தன் நிக்காம பூட்டான்."

கை நின்றது.

"புட்ச்சாளா?"

"புடிக்கல. ஒரு அடி பின்னால போனா."

கூடையிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் காலை நனைத்தது. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். தைரியமாக இருக்கிறாள், கெட்டிக்காரியாக இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் உங்கள் அம்மா நம்பியிருக்க மாட்டாள். தைரியத்தைத்தான் அவள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையாகப் பார்த்துவிட்டாளே. இந்த ஒரு அடியை நம்பினாள்.

"பின்னாலதான போனா?" என்று மறுபடி கேட்டாள்.

"பின்னாலதான்."

"பயமா கீதா உனுக்கு?"

"கீது. ஆனா அவ நிக்கட்டும்."

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் பெரியவள் வந்ததும், என் வழியாகச் சொல்லாமல் நேராக, "வா, வந்து சாப்புடு" என்றாள். மனு பேச்சு அதோடு போயிற்று. பயம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

சின்னவனே, நாளையிலிருந்து நீ வண்டியை எடுக்கிறாய். நீ லுங்கி கட்ட மாட்டாய், ஜீன்ஸ்தான். ஆனாலும் உனக்கென்று ஒரு லுங்கி இருக்கும். கை காட்டினதும் போனை எடுத்து வீடியோ பிடிக்கிறதோ, இறங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறதோ, யாருக்காவது போன் போட்டுக் கொடுக்கிறதோ. அது எதுவாக இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டின பிறகு, உள்ளே உட்கார்ந்தபடி, கை தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு யோசி. எதிரில் வருகிறவர் தப்பாகவே பேசினாலும் அந்த இடத்தில் ஜெயிக்கப் பார்க்காதே. ரோடு ஓரம் சண்டைக்கு நல்ல இடமில்லை. ஸ்டேஷன் இருக்கிறது, பெரிய அதிகாரி இருக்கிறார், மறுநாள் இருக்கிறது. கத்தி ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். உன்னை நிறுத்துகிறவர் உன் அக்காவாக இல்லாவிட்டாலும், யாரோ ஒருத்தனுக்கு அக்காவோ அண்ணனோதான்.

பெரியவளே, உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஒரு அடியை மட்டும் மறந்துவிடாதே. தெரிந்தவர்கள்தான் மறக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நான் ஓட்டின கடைசி நடை. கிளம்பும்போது உங்கள் அம்மா வண்டிக்குள் ஒரு டிபன் டப்பாவை வைத்தாள். "அவ நாஸ்தா துன்னாம பூட்டா. குட்த்துடு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓரங்கட்டிட்டுக் குடு" என்றாள்.

பேரிகார்டில் பெரியவள் கை காட்டினாள். ஓரங்கட்டினேன். உள்ளேயே இருந்தேன். மண் பக்கமாக நடந்து வந்து ஜன்னலில் நின்றாள்.

"பேப்பர் டேஷ்போர்டுல கீது. சீட்டு மேல ஒரு டப்பா கீது, இட்லியும் நேத்து மீன் கொழம்பும். எடுக்கட்டுங்களா மேடம்?"

"எடுங்க சார்" என்றாள். டப்பாவை இடது பக்க ஜன்னல் வழியாகத்தான் கொடுத்தேன்.